என் எட்டாவது ஆலோசனையும் பணிய லயத்துப் பார்வதியும்

"நீங்கதானா பேர மாத்தச் சொன்னது?"

பதுளையில் என்னிடம் கேட்கப்பட்ட மறக்கமுடியாத இலக்கியக் கேள்வி இதுதான். கேட்டவர் ஒரு த்ரீவீலர் ஓட்டுநர். நம் ஊர் ஆட்டோவுக்கு இலங்கையில் அந்தப் பெயர். அகலத்தில் அவர் என்னைப்போல் ஒன்றரை ஆள். என் கையிலிருந்த பிளேன்டீயில் பாதி அந்தக் கணமே என் சட்டைக்குப் போயிற்று. பால் கலக்காத தேநீர் என்பதால் கறை நன்றாகப் பிடித்தது.

சொன்னேன்தான். திருச்சியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கடல் தாண்டி யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில் சொன்னேன். கடல் தாண்டி நானே வந்து மாட்டுவேன் என்று அப்போது தெரியாது.

புத்தகம் எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக நான் ஒரு சின்னக் கையேடு எழுதியிருக்கிறேன். அதைப் படித்து எழுத்தாளரானவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். அதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது. அந்தக் கையேடு எப்படியோ பதுளைக்கு வந்து, சிவநேசன் மாஸ்டர் கையில் அகப்பட்டிருக்கிறது. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பல வருடங்களாக இங்கே கணக்குப் படிப்பிக்கிறவர். எழுத விரும்பும் இளைஞர்களைச் சேர்த்து ஒரு வட்டம் நடத்துகிறார். "ஒருக்கா வந்து எங்கட பிள்ளையளோட கதையுங்கோ" என்று அழைத்தார். முதல் நாள் பட்டறை. மூன்றாம் நாள், வட்டத்தைச் சேர்ந்த சுகந்தி என்ற பெண்ணின் முதல் நாவல் வெளியீடு. அதில் நயவுரை நான். நயவுரை என்றால் புத்தகத்தின் நல்லதை எடுத்துச் சொல்லும் பேச்சு. கெட்டதைச் சொல்லவேண்டாம் என்பதால் உடனே ஒப்புக்கொண்டேன்.

வரும் வழியிலேயே அதிர்ச்சி ஆரம்பித்துவிட்டது. அப்புத்தளையில் ரயில் நின்றபோது ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. மரம் இல்லை, வீடு இல்லை, தரை இல்லை. மூடுபனி என்றார் பக்கத்து இருக்கைக்காரர். எனக்கென்னவோ பூமி முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது. அந்த வெறுமைக்குள் ஒரு பையன் வாசற்படியில் தொங்கிக்கொண்டு வடை தின்றான். நான் இருக்கையின் கைப்பிடியைத் தின்னாத குறை.

பட்டறையை, "எழுதும்போது கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்" என்று தொடங்கினேன். சிரித்தார்கள். நகைச்சுவைப் பகுதிக்கு நான் இன்னும் வரவே இல்லை.

"எந்தக் கதவுங்க சார்?" என்றாள் முதல் வரிசையில் இருந்த பெண். "எங்க காம்பராவுக்கு இருக்கிறதே ஒரு கதவு. அதச் சாத்துனா அடுப்புப் புகை எங்க போகும்?"

அவள்தான் சுகந்தி. காம்பரா என்பது லயம் எனும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு உள்ள அறை. பூனாகலைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தில், வேலை பார்க்கிறாள்.

"மத்தியானம் புள்ளைங்க தூங்குறப்ப எழுதுவேன் சார். ஒண்ணு முழிச்சுட்டா அத்தியாயம் முடிஞ்சுரும்."

அவளுடைய அத்தியாயங்கள் ஏன் அவ்வளவு சின்னவை என்று புரிந்தது. நகரத்து விமர்சகர்கள் இதை உத்தி என்பார்கள்.

என் முதல் ஆலோசனையை அங்கேயே கைவிட்டு, அவளைக் காட்டியே பேசினேன். நேரம் கிடைத்ததும் எழுதுவேன் என்று காத்திருக்கிறவருக்கு ஓய்வூதியம்தான் கிடைக்கும், புத்தகம் கிடைக்காது. குழந்தை தூங்கும் நேரம் போதும். முதல் பக்கத்தைப் பல வருடங்களாகத் திருத்திக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இன்றும் முதல் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே கடைசிவரை ஓடிவிட்டுப் பிறகு திரும்பிப் பாருங்கள். திருத்தும்போது வாய்விட்டு வாசியுங்கள். கண் தாண்டிப்போகும் இடத்தில் நாக்கு தடுக்கும். நன்றாக எழுதினீர்கள் என்பவரிடம் தேநீர் குடியுங்கள். எந்த இடத்தில் தூக்கம் வந்தது என்று சொல்பவரிடம் பிரதியைக் கொடுங்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன்.

இடைவேளையில்தான் அந்த த்ரீவீலர்காரர் வந்தார். பெயர் லோகு. சுகந்தியின் தோட்டத்துக்காரர். அச்சகத்திலிருந்து அவளுடைய புத்தகக் கட்டுகளை ஏற்றிப்போக வந்திருக்கிறார்.

"உங்க புத்தகத்துல எட்டாவதா போட்டிருக்கீங்களாமே? உண்மையான ஆளு பேர வைக்காத, பழக்கமில்லாத ஆளோட பேரா வையின்னு. இந்தப் புள்ள எங்கக்கா பேர வச்சிருச்சு சார். பணிய லயத்துப் பார்வதின்னு ஊரோட போட்டிருக்கு. புருசன், புள்ளைங்கள விட்டுட்டு குவைத்துக்கு வேலைக்குப் போனாளாம். எங்கக்கா கொழும்பையே பாத்ததில்ல!"

பணிய என்றால் கீழே. மலையின் மேற்சரிவில் சுகந்தியின் லயம், கீழே பார்வதியின் லயம்.

"புத்தகம் இன்னும் வெளியே வரவே இல்லையே, எப்படித் தெரிந்தது?" என்று கேட்டேன்.

சுகந்தி தரையைப் பார்த்தாள். "அது உங்க அஞ்சாவது ஆலோசனைங்க சார். வாய்விட்டு வாசிக்கச் சொன்னது."

லயத்தில் அறைக்கு அறை சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போவதில்லை. அவள் தன் காம்பராவில் வாசித்ததை வரிசை முழுக்கக் கேட்டிருக்கிறது. கேட்டதோடு நிற்கவில்லை. "அந்த எடத்துல மழைய எடுத்துரு தங்கச்சி, அன்னைக்கு நல்ல வெயிலு" என்று நான்காம் காம்பராவிலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, இவள் மழையை எடுத்தும்விட்டாள். மறுநாள் கொழுந்து பறிக்கிற இடத்தில் கதை கைமாறி, பணிய லயத்துக்கு இறங்கிவிட்டது. திருச்சியில் என் குடியிருப்பில் நான் வாய்விட்டு வாசித்தால் என் மனைவிக்கே கேட்காது. கேட்காத மாதிரியாவது இருப்பாள்.

"நாளைக்கு அக்கா உங்களக் கூட்டியாரச் சொல்லுச்சு" என்றார் லோகு. அழைப்பா, சம்மனா என்று முகத்தில் தெரியவில்லை.

மாஸ்டர் என் தோளைத் தட்டினார். "பயப்பிடாதேங்கோ. இஞ்ச ஒருத்தரும் அடிக்கமாட்டினம். கூப்பிட்டுக் கதைப்பினம், அவ்வளவுதான்."

கொழும்புக்கு அடுத்த ரயில் எப்போது என்று, வெறும் பொது அறிவுக்காக, அவரிடம் விசாரித்து வைத்தேன்.

மறுநாள் காலை, அடிக்கமாட்டார்கள் என்று சொன்ன மாஸ்டருக்கு அவசரமாக ஒரு கூட்டம் வந்துவிட்டது. நான் மட்டும் பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன். பஸ் ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்தார், பிரேக்கை அடிக்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாள் இன்னொருவரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்னிருக்கைக்காரர் எனக்கு மொழிபெயர்த்தார்: "கம்பிய இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா, எறங்குறப்ப கழட்டித்தான் எடுத்துட்டுப் போகணும்னு சொல்றாங்க."

பண்டாரவளையில் தேநீர்க்கடையில் உட்கார்ந்ததும், நான் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல், கட்லட், மீன் பணிஸ் என்ற மீன் பன் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன விருந்தோம்பல் என்று நெகிழ்ந்து, மனம் நோகக்கூடாதே என எல்லாவற்றையும் தின்றேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவதுதான் வழக்கமாம். கடைக்காரர் காலித் தட்டை எடுத்துச் சமையல்கட்டில் இருந்தவருக்குக் காட்டினார். அந்தத் தட்டின் பலனை அடுத்த ஒரு மணி நேரத்தில் அனுபவித்தேன்.

லோகுவும் சுகந்தியும் அங்கே காத்திருந்தார்கள். த்ரீவீலர் மேலே ஏற ஆரம்பித்தது. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம், என்ன சொல்ல, மறுபக்கம் என்று ஒன்று இல்லை. லோகு பேசும்போது மரியாதைக்காகத் திரும்பி என் முகத்தைப் பார்த்துப் பேசினார். மரியாதை குறைந்தாலும் பரவாயில்லை என்று கெஞ்சினேன்.

பாதி வழியில் சுகந்தி மெதுவாகச் சொன்னாள். "அது எங்கம்மா கதைங்க சார்."

லோகு அப்போதுதான் முதல்முறையாகச் சாலையைப் பார்த்தார்.

சுகந்திக்கு நான்கு வயதானபோது அவள் அம்மா சரோஜா வீட்டு வேலைக்குக் குவைத் போயிருக்கிறார். திரும்பியபோது மகளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. லயத்துக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

"சின்ன வாக்குவாதம் வந்தாக்கூட, பணிய லயத்துப் பார்வதியப் பாரு, பாஸ்போட்டு கைக்கு வந்தும் புள்ளைங்களுக்காகத் திரும்பி வந்தா, நீயும் ஒரு தாயான்னு அம்மாவக் கேப்பாங்க. பணிய லயம் வேற டிவிசன் சார். கோயில் வேற, புள்ளக்காம்பரா வேற. பார்வதியக்காவ எனக்கு ஆளாத் தெரியாது. பேராத்தான் தெரியும். உங்க புத்தகம் பழக்கமில்லாத பேரா வைக்கச் சொல்லுச்சு. யோசிச்சா அந்தப் பேருதான் வாயில நின்னுச்சு."

"லயத்துல எல்லாருக்கும் அது உங்கம்மா கதைன்னு தெரியுமே?" என்றேன்.

"தெரியும். ஆனா யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. பேரு வேற இருக்குல்ல. அதனாலதான் அம்மாவும் நாளைக்கு வர ஒத்துக்கிச்சு. ஊருக்குத் திரும்பி வந்ததுல இருந்து ஒரு விசேசத்துக்கும் போனதில்ல. பார்வதியக்கா நாலு பேரு முன்னாடி எந்திரிச்சு, இது நானில்ல, இந்தா உக்காந்திருக்காளே இவன்னு கைய நீட்டிட்டா..."

முடிக்கவில்லை. முடிக்கவும் முடியாது, நான் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறி, இறங்கி, தேயிலைச் செடிகளுக்கு முன்னால் குனிந்துவிட்டேன். ரோல், கட்லட், மீன் பணிஸ் எல்லாம் வந்த வரிசையிலேயே விடைபெற்றன. நாவலாசிரியை என் தலையைப் பிடித்துக்கொண்டாள். புகழின் உச்சி என்பது இதுதான் போலும்.

பணிய லயத்தில் பார்வதி வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது தாண்டியிருக்கும். சண்டைக்கு ஆயத்தமான முகம். அதை என் முகம் கெடுத்துவிட்டது. மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினார்.

"வளைவு ஒத்துக்கலையா? நகத்தால கீறி மோந்து பாருங்க. பேசாம உக்காருங்க. திட்டுறதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

அந்தத் தமிழைக் கேட்டதும் மணப்பாறையில் என் அத்தை வீட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது. அத்தையும் இப்படித்தான், முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத் திட்டுவார். சுடச்சுட ரொட்டியும், மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பலும் வந்தன. ஒரு வாய்க்குக் கண்ணில் நீர் வந்தது. மன்னிப்புக் கேட்க வசதியாக இருக்கட்டும் என்று துடைக்காமல் விட்டேன்.

பார்வதியின் மடியில் நாவல் இருந்தது. லோகு கூரையைப் பார்த்தார். "கட்டுலருந்து ஒண்ணு தானா நழுவிருச்சு" என்றார்.

"முழுசா வாசிச்சேன்" என்றார் பார்வதி.

நான் தயாரித்து வந்ததை ஒப்பித்தேன். "அம்மா, அது நீங்க இல்லைங்க. வெறும் பேரு."

"அது எனக்குத் தெரியாதா? நான் யாருன்னு எனக்குத் தெரியும் சார்." பிறகு சுகந்தியிடம் திரும்பினார். "நீ சொல்லு. எதுக்கு என் பேர எடுத்த?"

"உங்களத் தெரியாதுக்கா. அதான்." அவள் புத்தகத்துக்குக் கை நீட்டினாள். "எல்லாப் புத்தகத்துலயும் பேனாவால அடிச்சுத் திருத்திர்றேன்."

பார்வதி வாசலுக்கு வெளியே கையை நீட்டினார். "இந்தா தெரியுது உங்க லயம். இங்க இருந்து கூப்பிட்டா அங்க திரும்பிப் பாப்பாங்க. என்னைத் தெரியாதுன்னு எடுத்தியா நீ?"

ரொட்டியை மெல்வதா நிறுத்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"என் பேரு உனக்கு மட்டுமா ஆப்பிட்டுச்சு? இந்தத் தோட்டமே எடுத்து வச்சுப் பொழங்குது. எவளத் திட்டணும்னாலும் பார்வதி மாதிரி இரு, பார்வதி மாதிரி இரு. ஒருத்தி வந்து, ஏம்மா பார்வதி, உன் கத என்னான்னு கேட்டிருக்காளா?" புத்தகத்தைத் தட்டினார். "பேனாவால அடிக்கிற வேலையெல்லாம் வேணாம். நாளைக்கு நான் பேசணும். மேடையில, மைக்குல."

சுகந்தி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்ற பார்வை. நான் ஒரு வீரனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

"தாராளமாங்க. என் இடத்தையே எடுத்துக்குங்க. நயவுரை" என்றேன்.

திரும்பும் வழி முழுக்க சுகந்தி என்னுடன் பேசவில்லை.

மூன்றாம் நாள், தோட்டப் பாடசாலை மண்டபம். இரண்டு லயங்களும் வந்திருந்தன. மேல் லயம் ஒரு பக்கம், பணிய லயம் ஒரு பக்கம், நடுவில் யாரோ கோடு போட்டது போல ஒரு நடைபாதை. கடைசி வரிசையில், கதவை ஒட்டி, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு ஒரு பெண்மணி விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எந்த நேரமும் எழுந்து போக வசதியான உட்காரல். சரோஜா என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. மின்சாரச் சொருகிகள் இருந்த மூலையாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். பார்வதி கையை நீட்டினால் மைக்கைப் பிடுங்கிவிடுவது. நயவுரையை விட்டுக்கொடுத்த கோழைக்கு அதுவே பெரிய துணிச்சல்.

வரவேற்புரை. வாழ்த்துரை. வாழ்த்துரைக்கு வாழ்த்துரை. பிறகு பார்வதி எழுந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் பணிய லயத்துப் பார்வதி. இந்தப் புத்தகத்துல இருக்குற பார்வதி குவைத்துக்குப் போறா. நான் போகல. போனது யாருன்னு இங்க எல்லாருக்கும் தெரியும்."

சரோஜா எழுந்துவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சொருகியைப் பிடுங்கினேன். மண்டபம் இருண்டது. நான் பிடுங்கியது விளக்கை. அந்தப் பனிமூட்டமான பிற்பகலின் அரையிருட்டில், மைக் மட்டும் கணீரென்று பேசிக்கொண்டிருந்தது.

"நான் ஏன் போகலன்னு இத்தன வருசமா நீங்கதான் சொல்லிக்கிட்டு இருக்கீங்க. இன்னைக்கு நான் சொல்றேன். பாஸ்போட்டு வந்துருச்சு. பெட்டி கட்டியாச்சு. கொழும்பு பஸ்ஸுல ஏறிட்டேன். அப்புத்தளை தாண்டி ஒரு வளைவு, வாந்தி. அடுத்த வளைவு, வாந்தி. கண்டக்டர் கும்பிட்டு எறக்கி விட்டுட்டான். ரோட்டோரம் உக்காந்து யோசிச்சேன். பஸ்ஸுக்கே இந்தக் கதின்னா, ஆகாசத்துல என்ன கதி? திரும்பிட்டேன். அவ்வளவுதாங்க."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள்.

"வீட்டுக்கு வந்தா மாமியா கட்டிப்பிடிச்சு அழுவுது. புள்ளைங்க நெனப்புல வந்துட்டியா தாயின்னு. எனக்குப் பேசத் தெம்பில்ல. தலைய ஆட்டிட்டேன். அன்னைக்கு ஆட்டுன தலைய நிறுத்த முடியல. பார்வதி தெய்வம்னாங்க. பாசம் இல்லாம இல்ல. ஆனா சரோஜாக்கு மட்டும் பாசம் இல்லாமலா போச்சு? வாந்தி வராதவ போனா, வந்தவ திரும்புனா. அதுக்காக என் பேர வச்சு அவள அடிக்காதீங்க. இந்தப் புள்ள என் பேர அவளுக்கு வச்சிருக்கு. வச்சது வச்சதாவே இருக்கட்டும்."

அரையிருட்டில் முகங்கள் தெரியவில்லை. இனி என்ன நடக்கும் என்று தெரியாமல் நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்துதான் முதல் குரல் வந்தது.

"அடிப் பாவி! இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னடி?"

"கேட்டாத்தானடி சொல்றதுக்கு!" என்றார் பார்வதி மைக்கில்.

சரோஜா சிரித்தார். நின்றபடியே, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்புறம்தான் மண்டபம் சிரித்தது. நடுவே அது அழுகையாக மாறியதா என்று விளக்கு இல்லாததால் எனக்குத் தெரியவில்லை. யார் செய்த புண்ணியமோ, விளக்கை நான் பிடுங்கியிருந்தேன்.

முதல் பிரதியை வாங்க நகரத்திலிருந்து வந்திருந்த பிரமுகர் பொன்னாடையோடு காத்திருந்தார். சுகந்தி அவரைத் தாண்டி, நடைபாதையில் இறங்கி, கடைசி வரிசைவரை நடந்து அம்மாவின் கையில் கொடுத்தாள். பிரமுகர் கைதட்டினார், பெரிய மனிதர்தான்.

சரோஜா அட்டையைத் தடவிக்கொண்டிருந்தபோது சுகந்தி கேட்டது என் காதில் விழுந்தது. "அடுத்த பதிப்புல உங்க பேரையே போட்டுறவா அம்மா?"

"வேணாம். அவ பேரே இருக்கட்டும். பஸ்ஸுல எறங்காம அவ பேராவது குவைத்து வரைக்கும் போய்ட்டு வரட்டும்."

புறப்படும்போது பார்வதி என் கையில் இன்னும் இரண்டு பழங்களைத் திணித்தார். சுகந்தி என்னை மன்னித்துவிட்டாள் என்றே நினைக்கிறேன். அடுத்த நாவல் யாரைப் பற்றி என்று கேட்டதற்கு, "பணிய லயத்துக்குப் போய்க் கேட்டுட்டுத்தான் சொல்லணும் சார்" என்றாள்.

ரயிலில் கையேட்டை எடுத்து எட்டாவது ஆலோசனையை அடித்தேன். எழுத நினைக்கும் அன்பர்களே, திருத்திய பாடம் இது: கதைக்குப் பெயரை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். எடுக்கும் முன் அந்தப் பெயருக்கு உரியவர் வீட்டுக்குப் போய், அவர் கதை என்ன என்று கேட்டுவிட்டு வாருங்கள். நல்ல புத்தகம் அங்கேதான் காத்திருக்கக்கூடும். வழியில் வளைவுகள் இருக்கும். எலுமிச்சம்பழம் மறக்கவேண்டாம்.